ஐப்பசியில ஏற்காட்டுல டென்ட் போட கம்மி வெயிட் ஸ்லீப்பிங் பேக் எது? 0 டிகிரி பேக்லயே விறைச்சுப் போயிட்டோம்

அம்மாபேட்டைக்காரன்
வணக்கம்ங்க, சேலத்துல இருந்து எழுதறேன். போன வருசம் ஐப்பசி கடைசியில நானும் என் மச்சானும் ஏற்காடு தாண்டி தெரிஞ்சவங்க காப்பித்தோட்டத்துல அவங்ககிட்ட கேட்டுட்டு டென்ட் போட்டுத் தங்குனோம். பேக் ஆன்லைன்ல வாங்குனது, உறை மேல 0 டிகிரின்னு பெருசா போட்டிருந்தான், ஒன்றரை கிலோ இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு, அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல, இடுப்பும் தோளும் ஐஸ்ல படுத்த மாதிரி ஆயிடுச்சு. டென்ட்டுக்குள்ள தொங்கவிட்ட சின்ன தெர்மாமீட்டர்ல பாத்தா 14 டிகிரி. 0 டிகிரி தாங்குற பேக்ல 14 டிகிரிக்கு எப்படிங்க குளிரும்? காலையில கால் பக்கம் உள்ள கைய விட்டா நசநசன்னு ஈரம், மேல் துணிய விரலால வழிச்சா தண்ணி முத்து முத்தா வருது. டென்ட் எங்கயும் ஒழுகல, நல்லா தேடிப் பாத்துட்டேன்.

இந்த ஐப்பசிக்கு மறுபடி போறோம், இந்த வாட்டி என் பொண்ணும் வர்றா, எட்டாவது படிக்கிறா. அவளுக்கு முதல் ராத்திரியே இப்படி ஆச்சுன்னா அப்புறம் மலைன்னாலே வேணாம்னுடுவா, அதான் பயமா இருக்கு. டூ வீலர்ல போறோம், பேக் ஒவ்வொண்ணும் ஒரு கிலோவ சுத்தி இருந்தா நல்லது. உள்ள இறகு அடைச்ச டவுன் பேக் வாங்கலாமா, செயற்கைப் பஞ்சு அடைச்ச சிந்தெடிக் வாங்கலாமா, சொல்லுங்க.

ஐந்துரோடு ரைடர்
கீழ என்ன விரிச்சீங்க ப்ரோ?

அம்மாபேட்டைக்காரன்
வீட்டு ஜமக்காளம், ரெண்டா மடிச்சு. அதுக்குக் கீழ டென்ட் தரை ஷீட்டு மட்டும்தான்.

ஐந்துரோடு ரைடர்
அப்ப பாதி பிரச்சினை அங்கதான் இருக்கு. பேக் சூடா இருக்குறதுக்குக் காரணம் உள்ள இருக்குற பஞ்சு புசுபுசுன்னு உப்பி காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கறதுதான், நீங்க மேல படுத்தா முதுகுக்குக் கீழ இருக்குற பஞ்சு அப்பளமா நசுங்கிடும், அந்தப் பக்கம் பேக் இருக்கு ஆனா இல்லாத மாதிரிதான். ஈரமண்ணு உடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனாலதான் தரையில அழுந்துற இடுப்பும் தோளும் முதல்ல விறைச்சிருக்கு. ஜமக்காளம் பருத்தி, ஈரம் இழுக்கும், மலையில தரைக்கு அது உதவாது. ஃபோம் மேட் ஒண்ணு வாங்குங்க, குட்டிக்குட்டி குழியோட மடக்குற மாதிரி வரும், 400 கிராம் சுத்தி இருக்கும், ஆர் வேல்யூ, அதாவது தரைக்குளிர எவ்வளவு தடுக்குதுங்கற நம்பர், 2 கிட்ட இருந்தா ஏற்காட்டுக்குப் போதும். சும்மா காத்து மட்டும் ஊதுற மெத்தை வாங்கிடாதீங்க, உள்ள ஒண்ணுமே இல்லன்னா அந்தக் காத்தும் சில்லுனு ஆயிடும்.

அஸ்தம்பட்டி அக்கா
தம்பி, அந்த 0 டிகிரியப் பத்தி நான் சொல்றேன், நானும் இதுல ஏமாந்து ரெண்டு பேக் மாத்துனவ. ஒழுங்கா டெஸ்ட் பண்ணுன பேக்ல ஐஎஸ்ஓ 23537ன்னு ஸ்லீப்பிங் பேக்குக்கான தர நம்பரப் போட்டு, கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு நம்பர் இருக்கும். கம்ஃபர்ட்ங்கறது ஒரு பொண்ணு கைகால நீட்டி நிம்மதியா தூங்குற அளவு. லிமிட்ங்கறது ஒரு ஆம்பள சுருண்டு படுத்து சமாளிக்கிற அளவு. எக்ஸ்ட்ரீம்னா தூக்கமே கிடையாது, உசுரோட விடியலாம், அவ்வளவுதான். உறையில பெருசா ஒத்த நம்பர் மட்டும் போட்டு வித்தா அது எந்த நம்பர்னு யாருக்குத் தெரியும், நிறைய பேர் எக்ஸ்ட்ரீமைத்தான் போட்டு விக்கறாங்க. இன்னொண்ணு, அந்த டெஸ்ட்ல ஆள் மாதிரி இருக்குற பொம்மைக்கு உள்ளாடையும் நீள சாக்ஸும் போட்டு, கீழ மேட் விரிச்சுத்தான் படுக்க வெக்கறாங்க. மேட் இல்லாம படுத்தா அந்த நம்பரே உங்களுக்குப் பொருந்தாது.

கணக்கு நீங்களே போட்டுப் பாக்கலாம். சேலம் 280 மீட்டர் சுத்தி, ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல, 1000 மீட்டர் ஏறுனா சுமாரா ஆறரை டிகிரி இறங்கும், அப்ப கீழ ராத்திரி 22ன்னா மேல 14. உங்க தெர்மாமீட்டர் சரியாத்தான் காட்டியிருக்கு. ஐப்பசிக்கு கம்ஃபர்ட் 10 போதும், மார்கழிக்கும் போவீங்கன்னா கம்ஃபர்ட் 5. 0 டிகிரி எல்லாம் நமக்கு வீண் சுமை.

கரடியூர் எஸ்டேட் பையன்
அந்த ஈரம் மழை இல்லீங்க, உங்க மூச்சு. மழைக்குப் பயந்து டென்ட்டு ஜிப் மொத்தத்தையும் இழுத்து மூடியிருப்பீங்க, ரெண்டு பேர் விடுற மூச்சு மேல் துணியில பட்டு தண்ணியாகி கால் பக்கம் டென்ட் சுவத்துல உரசுற பேக்ல ஏறிடும். எங்க மலையில ஐப்பசி கார்த்திகையில மேகமே தோட்டத்துக்குள்ள வந்து நிக்கும், காலையில காயப்போட்ட துணி சாயங்காலமும் அப்படியே இருக்கும். வெளி ஷீட்ட இழுத்துக் கட்டி, உள் டென்ட்ல ரெண்டு பக்கமும் மேல் வலைய திறந்து விடுங்க, குளிரும்னு தோணும், ஆனா காய்ஞ்ச குளிர் பரவால்ல. சில்வர் ஓக் மரத்துக்கு நேர் கீழ போடாதீங்க, மழை நின்னப்புறமும் மூடுபனி இலையில சேந்து விடிய விடிய சொட்டும். பள்ளத்துலயும் ஓடை ஓரத்துலயும் வேண்டாம், ராத்திரி குளிர்க்காத்து அங்கதான் இறங்கி நிக்கும். காட்டுமாடு நடமாட்டம் இருக்கு, தோட்டத்துக்காரங்க காட்டுற எடத்துல மட்டும் போடுங்க, காட்டு எல்லைக்குள்ள போறதா இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம போகவே கூடாது.

தூரநடை
டவுன் வாங்குங்க. வாத்தோட நெஞ்சுப்பக்கத்து மெத்து இறகு அது, 650 ஃபில் பவர்னா 28 கிராம் இறகு பத்தரை லிட்டர் இடத்த அடைச்சு நிக்கும், அதனாலதான் அரைக்கிலோ முக்கால் கிலோவுல கம்ஃபர்ட் 10 கிடைக்குது. பன்னெண்டு வருசமா வெச்சிருக்கேன், இன்னும் புதுசாட்டம் இருக்கு.

அஸ்தம்பட்டி அக்கா
அண்ணா, நீங்க எந்த மாசம் போறீங்க? டவுன் நனைஞ்சா கட்டிகட்டியா ஒட்டிக்கும், சூடு போயிடும், அந்த ஈரத்துல மறுநாள் காயவே காயாது. சேர்வராயன் மலை ஐப்பசியில சிந்தெடிக்தான் சரி, 300 கிராம் கூட வந்தா வரட்டும், சின்னப் பொண்ணு வேற இருக்கா.

தூரநடை
நான் தை, மாசியில போறவன், அதையும் சொல்லியிருக்கணும். ஐப்பசின்னா அக்கா சொல்றதுதான் சரி. எது வாங்குனாலும் கனமான பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வாய முறுக்கிக் கட்டிட்டு வண்டியில வைங்க, அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயே முழுசா நனைஞ்சுடும்.

பாப்பாவுக்கு ஒரு விசயம். அந்த நம்பர் எல்லாம் பெரியவங்களுக்குப் போட்டது, குழந்தைங்களுக்கு இல்ல, அதனால அவளுக்கு உங்களதவிட அஞ்சு டிகிரி தாராளமா, கம்ஃபர்ட் 5 பாருங்க. பெரியவங்க பேக்ல படுத்தா காலுக்குக் கீழ காலி இடம் கிடக்கும், அத அவ உடம்புதான் சூடாக்கணும். அந்த வால மடிச்சு கயிறால கட்டிடுங்க. படுக்கறதுக்கு முன்ன ஏதாவது சூடா சாப்பிட வெச்சு, நடந்த துணிய மாத்தி காய்ஞ்ச சாக்ஸ், மங்கி கேப் போடுங்க. மூஞ்சிய பேக்குக்குள்ள விட்டு மூச்சு விட வேண்டாம், உள்ள ஈரமாயிடும்.

அம்மாபேட்டைக்காரன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, போயிட்டு வந்துட்டோம். எனக்கும் மச்சானுக்கும் கம்ஃபர்ட் 10 சிந்தெடிக், கிலோவுக்கு கொஞ்சம் கூட வந்துச்சு, பொண்ணுக்கு கம்ஃபர்ட் 5, மூணு ஃபோம் மேட். மழை பத்து மணி வரைக்கும் விடவே இல்ல, அப்புறம் மூடுபனி, ரெண்டு மணிக்கு எழுந்து பாத்தேன் 15 டிகிரி, ரெண்டு பக்க வலையும் திறந்துதான் இருந்துச்சு. பொண்ணு வால மடிச்சுக் கட்டுன பேக்ல மூக்கு மட்டும் வெளிய தெரிய தூங்கிட்டு இருந்தா. விடிஞ்சதும் மொதல்ல அவ பேக்ல கால் பக்கம் கைய விட்டுப் பாத்தேன், காய்ஞ்சு வெதுவெதுன்னு இருந்துச்சு. மார்கழிக்கு எப்பப்பா போறோம்னு கேட்டுட்டே வண்டியில ஏறுனா. பழைய ஒன்றரை கிலோ பேக்க என்ன பண்றதுன்னு மட்டும் தெரியல.

அஸ்தம்பட்டி அக்கா
ரொம்ப சந்தோசம் தம்பி. பழசு ஜிப் முழுசா திறக்குமா பாருங்க, திறந்தா மார்கழியில மூணு பேருக்கும் மேல போர்வையா விரிச்சுக்கலாம். புதுசு மூணையும் ரெண்டு நாள் நிழல்ல காத்தாட போட்டுட்டு, உறையில திணிக்காம பெரிய துணிப்பையில தளர்வா போட்டு வைங்க, நசுங்கியே கிடந்தா அடுத்த வருசம் உப்பாது.