படிவம் 6 (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு): எலியை அறுக்காமல் உயிரியல் செய்முறையை முடிக்க வழி இருக்கிறதா?

லயத்துப்பொண்ணு (சுங்கை சிப்புட்)
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் உயிரியல் வகுப்பில் எலி டிசெக்‌ஷன். 23 பேரில் 9 பேருக்கு இதில் விருப்பம் இல்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், வீட்டுக்குள் பாம்பு வந்தால் விரட்டுவதே நான்தான். ஆனால் படத்திலும் வீடியோவிலும் தெளிவாகத் தெரிகிற குடலையும் கல்லீரலையும் பார்ப்பதற்காக, நல்லா ஓடிக்கொண்டிருக்கிற ஒரு உயிரை குளோரோஃபார்ம் போட்டுக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. டீச்சரிடம் கேட்டால், மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறவள் இப்படிப் பேசலாமா என்கிறார். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், நேராகப் பள்ளி முதல்வரிடம் கொடுக்கலாமா? அப்பா, வாத்தியாரைப் பகைத்துக்கொள்ளாதே, மார்க்கில் கை வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார்.

ஈப்போ அக்கா
தங்கச்சி, நான் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். படிவம் 6-இல் நானும் எலியை அறுத்தேன். எங்கள் மேசைக்கு வந்தது சினை எலி, வயிற்றைத் திறந்தால் உள்ளே குட்டிகள். அன்று நான் என்ன படித்தேன் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் அந்தக் குட்டிகளைத் தவிர எதுவும் ஞாபகத்தில் இல்லை, இரத்தக் குழாய்களின் பெயரையெல்லாம் அப்புறம் படத்தை வைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். கடிதம் கொடுங்கள்.

செம்பனை மாமா
நான் தோட்டத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் எலிக்கு எத்தனை விஷக் கட்டி வைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை, அதனால் முதலில் படித்தபோது ஒரு எலிக்காக இத்தனை பேச்சா என்றுதான் தோன்றியது பாப்பா. ஆனால் எங்கள் காலத்தில் விஷத்தை விட்டால் வேறு வழியில்லை என்றார்கள். அப்புறம் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்க ஆரம்பித்தார்கள், அந்தக் கூகைகள் ராத்திரியில் எலியைப் பிடித்தன, விஷமும் குறைந்தது. எலி செத்தது என்னவோ உண்மைதான். ஆனாலும் வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நான் இப்போது உடனே நம்புவதில்லை. அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் சொல்லு, நான் பேசுகிறேன்.

உயிரியல் ஆசிரியர் (கெடா)
முதல்வரிடம் போகாதீர்கள், முதலில் உங்கள் டீச்சரிடமே திரும்பப் போங்கள். அவரைத் தாண்டிப் போனால் பேச்சு எலியை விட்டுவிட்டு மரியாதைக்குப் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். செய்முறை மார்க் போடுவதும் அவர்தான். போகும்போது வெறும் மறுப்போடு போகாதீர்கள், மாற்றுத் திட்டத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.

1987-இல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற மாணவி தவளையை அறுக்க மறுத்து நீதிமன்றம் வரை போனார், மறு வருடமே அங்கே மாணவர்கள் மறுக்கலாம் என்று சட்டம் வந்தது. அதில் இரண்டு விஷயம் நமக்கும் உதவும்: பெற்றோரின் கடிதம் வேண்டும், மாற்று வேலைக்கும் அதே அளவு நேரமும் உழைப்பும் போட வேண்டும். நம் நாட்டுச் சட்டம் இல்லைதான், ஆனால் இந்த இரண்டையும் நீங்களாகவே செய்து காட்டினால் வேலைக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் பட்டப் படிப்பிலேயே அறுப்பதை நிறுத்தச் சொன்னது, அதையும் எழுதுங்கள்.

திட்டத்துக்கு என் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். பாசார் (சந்தை) ஆட்டுக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்து, இறைச்சிக்காக ஏற்கனவே வெட்டிய ஆட்டின் இதயத்தை வாங்குவேன். கீறிப் போடாமல், மேலே இரத்தக் குழாயை ஓர் அங்குலமாவது விட்டு வெட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதி இதயம்தான் கைக்கு வரும். மகாதமனிக்குள் (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் பெரிய குழாய்) தண்ணீர் ஊற்றினால் பிறை வடிவ வால்வுகள் மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கி நிற்கும். சின்ன எலி இதயத்தில் இதை எங்கே பார்ப்பது? சைவப் பிள்ளைகளுக்கும் இதைத் தொட மனமில்லாதவர்களுக்கும் கணினி மென்பொருள், மாதிரி உடல்கள். டீச்சர் எலியையே பார்த்தாக வேண்டும் என்றால், 23 எலிக்குப் பதில் ஒன்றை அவரே அறுத்துப் பதிவு செய்து வருடா வருடம் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் 22 உயிர் மிஞ்சும்.

லயத்துப்பொண்ணு
ரொம்ப நன்றி சார். முதல்வருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டோம், டீச்சர் பெயருக்குப் புதிதாக எழுதுகிறோம். மாமா, அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார், நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.