ஆறு மாசப் பிள்ளைக்கு முதல் சாப்பாடு எப்படிப் பழக்குறது?

கொழுந்துக்கூடை:
மகளுக்கு வாற கிழமை 6 மாசம் முடியுது. இதுவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். நுவரெலியா பக்கம் தோட்டத்துல இருக்கோம். வேலை நேரம் பிள்ளை மடுவத்துல (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) விடணும். தேத்தண்ணியில பிஸ்கட் ஊறவச்சுக் குடுத்துப் பழக்கலாம்னு அப்பாயி சொல்றாங்க. முதல்ல என்ன குடுக்கணும், எவ்வளவு தண்ணியா இருக்கணும்? துப்பினா என்ன செய்றது?

மலையோரம்:
தங்கச்சி, முதல் நாள் 2-3 தேக்கரண்டி போதும். தூங்கி எழும்பி சிரிச்சுக்கிட்டு இருக்கிற நேரமாப் பாருங்க. வயிறு நிறையப் பால் குடிச்ச உடனேயும் வேணாம், பசியில கத்துற நேரமும் வேணாம்.

அரிசி 2 மேசைக்கரண்டி, மைசூர் பருப்பு 1 மேசைக்கரண்டி, தண்ணி ஒன்றரைக் கப். மூடி வச்சு மெல்லிய நெருப்புல அவியட்டும். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க தண்ணி 94 பாகை அளவிலேயே கொதிச்சிரும், அதனால கொழும்புல வேகுற நேரத்துல நம்ம பக்கம் வேகாது. மணிக்கூட்டை நம்பாம ஒரு பருக்கையை ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கிப் பாருங்க, நடுவுல கட்டி தட்டக்கூடாது. தண்ணி வத்தினா கொதிதண்ணி கொஞ்சம் ஊத்திக்கலாம். இறக்குறப்போ 1 தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், இல்லாட்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி. உப்பு, சீனி வேணாம். ஒரு வயசு வரைக்கும் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையோட குடல்ல வளர்ந்து நஞ்சு உண்டாக்கும்.

மிக்சியில அடிக்காம கரண்டிப் பின்பக்கத்தால மசிங்க. கரண்டியைச் சரிச்சா ஓடி வழியக்கூடாது, மெல்லக் கட்டியா விழணும். எல்லாரும் தவறுற இடம் இதுதான். கஞ்சித் தண்ணி மாதிரிக் கரைச்சா சின்ன வயிறு தண்ணியாலயே நிரம்பிரும், நிறை ஏறாது.

துப்புறது பிடிக்காம இல்ல. பால் உறிஞ்சிப் பழகின நாக்குக்கு, கரண்டியில வாறதை வெளிய தள்ளத்தான் தெரியும். மடியில நிமிர்த்தி வச்சு, கரண்டி நுனியில கொஞ்சமா எடுத்து, கீழ் உதட்டுல தொட்டுட்டு நிறுத்துங்க. வாய் தானாத் திறக்கட்டும். மேலண்ணத்துல வழிச்சு விடாதீங்க. முகத்தைத் திருப்பினா, வாயை இறுக்கினா அந்த வேளை முடிஞ்சுது. சங்குல ஊத்துறது, மூக்கைப் பிடிக்கிறது, படுக்கவச்சு ஊட்டுறது எல்லாம் புரையேறுறதுக்கு வழி.

லயத்துக்கீரை:
பிஸ்கட் தேத்தண்ணி பற்றி யாரும் சொல்லலையே. அதைத் தயவுசெய்து குடுக்காதீங்க. பிறக்கும்போது கொண்டு வந்த இரும்புச்சத்து 6 மாசமளவில குறைஞ்சிரும், தாய்ப்பால்லயும் அது கொஞ்சம்தான். சாப்பாட்டுல வாற இரும்பையும் தேயிலைச் சாயம் பிடிச்சு வச்சுக்கும். பால் விட்டுக் குடுத்தாலும் சாயம் சாயம்தான். அப்பாயிகிட்ட சண்டை போடாம, மசிச்ச சாப்பாட்டை அவங்க கையால ஊட்டச் சொல்லுங்க.

பருப்புச்சோறு பழகினதும், முதல் ரெண்டு கிழமைக்குள்ளயே கரட், பூசணி, கிழங்கு, அப்புறம் முட்டை, மீன் சேர்க்கலாம். முட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்ல, ஆனா நல்லா இறுக அவிக்கணும். புதுசா ஒண்ணைக் குடுத்தா 2-3 நாள் அதோட நின்னு பாருங்க. தடிப்பு, உதடு வீக்கம், விடாத வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரி. கோழி ஈரலை உள்ளே சிவப்பு இல்லாம அவிச்சு மசிச்சு, கிழமைக்கு ஒரு தரம் ஒரு தேக்கரண்டி. நெத்தலிக் கருவாடுன்னா சுடுதண்ணியில ஊறவச்சு ரெண்டு மூணு தரம் அலசி உப்பை எடுங்க, முள்ளு தங்காம இடிங்க. கூடவே கொஞ்சம் பப்பாளியோ தோடம்பழச் சாறோ குடுத்தா இரும்பு நல்லா உடம்புல சேரும்.

மலம் இறுகினா கொதிச்சாறின தண்ணி ரெண்டு மூணு மிடறு குடுங்க, சாப்பாட்டுல எண்ணெய் சேர்க்கிறதை நிறுத்திறாதீங்க. கிளினிக்கில திரிபோஷா (அரசாங்கம் குடுக்கிற சத்துமா) தந்தா அது மேலதிகமாத்தான், சோத்துக்குப் பதிலா இல்ல.

கொழுந்துக்கூடை:
ரொம்ப நன்றிக்கா. மடுவத்துக்கு மசிச்சதை டப்பாவுல போட்டு அனுப்பலாமா?

மலையோரம்:
காலையில மசிச்சது பகலுக்கு வேணாம். குளிரா இருக்குன்னு நம்பக்கூடாது. வெளிய 2 மணித்தியாலத்துக்கு மேல வச்சதைக் குடுக்காதீங்க. கழுவின கிழங்கு, பச்சை முட்டை, தோல் உரிக்காத வாழைப்பழம் அனுப்புங்க. அங்கயே அவிச்சு, சுடச்சுட மசிச்சு, ஆறவச்சு ஊட்டச் சொல்லுங்க. பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூடுறது) போக முன்னால வீட்டுல ஒரு வேளை, வேலை விட்டு வந்து ஒரு வேளை, நடுவுல மடுவத்துல ஒரு வேளை. ஒவ்வொண்டும் 2-3 மேசைக்கரண்டியில இருந்து மெல்லக் கூட்டி, 8 மாசமளவில அரைக் கப் வரைக்கும் வரலாம். தாய்ப்பாலைக் குறைக்க வேணாம். பிழிஞ்ச பாலைப் போத்தல்ல இல்லாம மூடி போட்ட கப்புல அனுப்பி, கரண்டியால குடுக்கச் சொல்லுங்க. சூப்பிப் போத்தலை விடக் கப்பைக் கழுவிச் சுத்தமா வைக்கிறது லேசு.