புயல் நாளில் பாம்பன் தீவின் ஒரு கரையில் கடல் உள்வாங்குவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் வங்கக்கடலில் புயல் இருந்த ஒரு நாளில், இராமேசுவரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் வடகரைக்குச் சென்றபோது கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நாட்டுப்படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்க, அவற்றின் நங்கூரக் கயிறுகள் தளர்ந்து நீண்டு கிடந்தன. அன்று மாலை தனுஷ்கோடிச் சாலையின் தென்புறத்தில் அலைகள் தடுப்புக் கற்களைத் தாண்டி விழுந்தன. ஒரே புயல் ஒரு கரையில் நீரை வற்றவைத்து மறுகரையில் சீறச் செய்வது எப்படி?

பதில் 1

புயல் தீவின் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் பகுதியில் புயற்காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசுவதால், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜாவைப் போல மையம் தீவுக்கு வடக்கே செல்லும்போது, இங்கு காற்று முதலில் வடமேற்கிலிருந்து வீசி, மையம் மேற்கே நகர நகரத் தென்மேற்குக்குத் திரும்பும். தென்மேற்குக் காற்று பாக் நீரிணைப் பக்கத்து நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும். மன்னார் வளைகுடாப் பக்கத்து அலைகளையோ நேராகக் கரைமேல் ஏற்றும். நீங்கள் கண்டது இதுவாகவே இருக்க வேண்டும். மையம் தெற்கே சென்றால் காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசும், அப்போது வடகரைதான் அடிவாங்கும்.

பதில் 2

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டுப்படகுத் தொழிலில் இருக்கிறது. வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வோம். பெண்கடல் ஆழம் குறைந்தது, அமைதியானது என்பதால் வந்த பெயர். ஆனால் புயல் நாளில் அந்த ஆழக்குறைவே ஆபத்தாகிறது. காற்று தள்ளும் நீர் அடியில் திரும்பிச் செல்ல வழியின்றிக் கரையோரம் குவிந்துவிடும். அலையும் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து படகின் பக்கப்பலகையை உடைக்கும். நீங்கள் பார்த்த கயிறுகளை வேண்டுமென்றேதான் தளர்த்தியிருப்பார்கள். காற்று திரும்பியதும் விலகிய நீர் ஒரே மூச்சில் வந்துவிடும். அப்போது கயிறு இறுக்கமாக இருந்தால் படகு மிதந்து எழ முடியாமல் நீர் புகுந்து மூழ்கும். கடல் உள்வாங்கிய இடத்தில் சங்கு பொறுக்கச் செல்லும் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதட்டி விரட்டுவதும் இதற்காகத்தான். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு இறங்கும்வரை தயவுசெய்து யாரும் அங்கே இறங்காதீர்கள்.

பதில் 3

மழையைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். புயல் அருகில் இருந்தால் மழையும் அங்கேதான் மிகுதி என்று நினைத்துவிடுகிறோம். 2020 டிசம்பர் 2 இரவில் திருகோணமலைக்கு வடக்கே இலங்கைக் கரையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்த புரெவி, வலுவிழந்து இராமநாதபுரத்துக்கு அருகே ஒரு நாளுக்கும் மேலாக நகராமல் நின்றது. ஆனால் மிகக் கனத்த மழை வடக்கே வெகுதொலைவில், கொள்ளிடம், சிதம்பரம் பக்கத்தில் கொட்டியது.

கடல் ஏற்றத்தில் காற்றழுத்தக் குறைவின் பங்கு சிறியது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். மீட்டர் கணக்கில் நீரை உயர்த்துவது காற்றே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வாரிக்கொண்டது அப்படிக் குவிந்த நீர்தான். இருபுறமும் கடல் கொண்ட அந்த மணல்திட்டில், காற்று வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் ஏதேனும் ஒரு கடல் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.