பினாங்கின் பழைய சீனக் காப்பிக்கடையில் அப்பாவுக்கு எந்த மீ ஒத்துவரும்?

கிள்ளான் மகள் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவைப் பினாங்குக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். 1970களில் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில், ஜார்ஜ் டவுனில் ஒரு சீனக் காப்பிக்கடையின் பளிங்குக்கல் மேசையில் உட்கார்ந்து கோப்பி ஓவும் (பால் சேர்க்காத காப்பி) ஒரு கிண்ணம் மீயும் (நூடுல்ஸ்) சாப்பிட்டதை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். கடையின் பெயரோ தெருவோ அவருக்கு நினைவில் இல்லை. அது எந்த மீ என்றும் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு கடையில் அவரை மறுபடியும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சிக்கல் என்னவென்றால், அம்மா தவறிய பிறகு அவர் பன்றி இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் தொடுவதில்லை. மீன், இறால், கோழி சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை சைவம். எனக்கும் அங்குள்ள வழக்கம் சரியாகத் தெரியாது. சென்ற முறை ஹொக்கியென் மீ கேட்டுவிட்டு, கோலாலம்பூரில் கிடைப்பதைப் போலக் கறுப்புச் சோயாவில் பிரட்டிய தடித்த மீ வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ செந்நிறச் சாறு ததும்பும் ஒரு கிண்ணம். அப்பாவுக்கு எதை வாங்கலாம்? பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று சொன்னால் சமைப்பவர் மனம் வருந்துவாரா?

ஜெலுத்தோங் வாசி:

வணக்கம் சகோதரி. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: காப்பிக்கடைத் தவுக்கே (முதலாளி) வேறு, மீ போடுபவர் வேறு. தவுக்கே பானங்களை மட்டும் விற்றுக்கொண்டு, முன்புறத்தில் தள்ளுவண்டிகளுக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருப்பார். காலையில் ஒருவர் நிற்கும் இடத்தில் மாலையில் வேறொருவர் நிற்பதும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியதை வண்டிக்காரரிடம் நேரில் கேளுங்கள். மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் கிண்ணம் வந்து சேரும். அப்போதே அவருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். கோப்பிக்குத் தனிக் கணக்கு. கோப்பி வாங்காமல் உட்கார்ந்திருப்பது மட்டும் முறையல்ல.

பினாங்கு ஹொக்கியென் மீ என்பது இறால் தலையையும் ஓட்டையும் வறுத்து, பெரும்பாலும் பன்றி எலும்போடு சேர்த்து, நெடுநேரம் கொதிக்க வைத்த சாறு. மேலே கிடக்கும் இறைச்சித் துண்டுகளை வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் சாற்றில் இறங்கியதை எடுக்க முடியாது. கறி மீயில் உறைந்த பன்றி இரத்தத் துண்டுகள் இருக்கும். வான்தான் மீயிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான், அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

என் பரிந்துரை அசாம் லக்சாதான். கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி வகை) அவித்து உதிர்த்து, புளியும் கெசும் என்ற வாசனை இலையும் காந்தான் என்ற இஞ்சி வகைப் பூவும் போட்டுக் காய்ச்சிய சாற்றைத் தடித்த வெள்ளை அரிசி மீயின் மேல் ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா தூவி, கடைசியில் ஒரு கரண்டி கறுத்த இறால் விழுதை விடுவார்கள். இதில் பன்றி சேர்க்கும் வழக்கம் இல்லை. நம் வீட்டு மீன் புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

லக்சா நல்ல யோசனைதான், ஆனால் சார் கொய்தியாவையும் (தட்டையான அரிசி மீ வறுவல்) விட்டுவிடாதீர்கள். வழக்கமாக அதைப் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில், "மிஞ்ஞாக் பாபி தக் மாவ்" (பன்றிக் கொழுப்பு வேண்டாம்) என்று தன்மையாகச் சொன்னால் பலர் சாதாரண எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தட்டாகத்தான் அது வறுபடுகிறது: பூண்டு, கொய்தியாவ், ஒரு வீச்சு சோயா, ஓரத்தில் ஒதுக்கி உடைத்து ஊற்றும் முட்டை, இறால், கடைசியில் முளைப்பயறும் குச்சாய் என்ற பூண்டு வாசனை இலையும். கரி அடுப்பின் சூட்டில் விளிம்பு லேசாகக் கருகிவரும் அந்த வாசனைக்கு ஈடு கிடையாது.

ஜெலுத்தோங் வாசி:

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே சட்டி, அதே சட்டுவம். முந்தைய தட்டின் கொழுப்பு அதில் பிடித்துத்தான் இருக்கும். அதைத் தவிர, கொழுப்பையும் சீனத் தொத்திறைச்சியையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளாக அவர் கைப்பழக்கத்தில் வந்த ருசியைக் குலைத்துவிட்டு, பிறகு "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று நாமே சொல்லுவோம். ஒரு மீயைத் திருத்துவதைவிட, நமக்கு முழுமையாக ஒத்துவரும் வேறு மீயைத் தேர்ந்தெடுப்பதுதான் சமைப்பவருக்கும் மரியாதை.

பட்டர்வொர்த் அக்கா:

வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, தங்கச்சி. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்களில் பலர் சைவம் சாப்பிடுவார்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா நடக்கும் நாட்களில் மஞ்சள் கொடி கட்டிய வண்டிகளைப் பார்க்கலாம். அவற்றில் சைவ மீ கிடைக்கும். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற நாட்களில் "காய்கறி மீ" என்று கேட்டுவிட்டு நம்பி இருந்துவிடாதீர்கள். காய்கறியையும் கொழுப்பில் வதக்குவது உண்டு.

கிள்ளான் மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலையில் போய் வந்தோம். மொசைக் தரை, வளைந்த முதுகுள்ள மர நாற்காலி, துணிப் பையில் வடித்த கோப்பி என்று எல்லாமே அப்பா சொன்னபடியே இருந்தன. லக்சாவின் சாற்றை அவர் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நன்றாக இருக்கிறது, ஆனால் நான் சாப்பிட்டது இதில்லை அம்மா" என்றார்.

அந்த நேரத்தில் பக்கத்து மேசைக்கு ஹொக்கியென் மீ வந்தது. இறால் சாற்றின் ஆவி எங்கள் பக்கம் வீசியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இதுதான்" என்றார். ஒரு வாய் வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். பிறகு இன்னொரு கோப்பி ஓ சொல்லி, அதைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் குடித்தபடி, பக்கத்து மேசைக்காரர் தம் கிண்ணத்தை முடிக்கும் வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.