ரெண்டு தடவை மயங்கி விழுந்தவர் ஜீப் ஓட்டலாமா?

கம்பத்துக்காரன்: எங்க மாமா கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓட்டுறாரு, வயசு 46, போன மாசம் டீக்கடையில உக்காந்திருக்கும்போதே கண்ணு சொருகி விழுந்துட்டாரு, இந்த வாரம் மறுபடியும். பிபி நார்மல்னு அனுப்பிட்டாங்க. லைசென்ஸ் ரினியூவல் வேற வருது, டாக்டர் தர்ற மெடிக்கல் சர்டிபிகேட் ஃபார்ம் 1ஏ வாங்கணும், என்ன செய்ய?

ஜீப்பு_ஸ்டாண்டு: மறைச்சு சர்டிபிகேட் வாங்கிரலாம்பாய்ங்க, கேக்காத தம்பி. உடம்பு நல்லாருக்குன்னு ஓட்டுறவரே எழுதிக் குடுக்குற ஃபார்ம் 1ல திடீர்னு நினைவு தப்புமா, கிறுகிறுப்பு வருமான்னே கேள்வி இருக்கு, அதுல அவருதான் கையெழுத்து போடணும். அந்த மெட்டு வளைவுல ரெண்டு செகண்ட் கண்ணு சொருகினா முடிஞ்சது.

வண்டன்மேடு_நர்ஸ்: வெயில்ல நின்னு, இல்ல ஊசியப் பாத்து, வேர்த்து கண்ணு இருட்டி வர்ற மயக்கம் வேற. உக்காந்திருக்கும்போது சட்டுனு விழுந்தா இதயத்துடிப்புக் கோளாறான்னு பாக்கணும், ஒரு ஈசிஜி மட்டும் போதாது, இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோ, 24 மணி நேரம் துடிப்பப் பதியுற ஹோல்ட்டர் டெஸ்ட், படுத்தும் நின்னும் பிபி, எல்லாம் பாக்கணும். வலிப்பாவும் இருக்கலாம், நாக்கு கடிச்சாரா, தெளிய எவ்ளோ நேரமாச்சுன்னு சொல்ல அந்த டீக்கடைக்காரரையே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சுகர் மாத்திரை போடுறாரா?

கம்பத்துக்காரன்: ஆமாக்கா, விடியக்காலைல சாப்பிடாமலே கிளம்பிருவாரு.

வண்டன்மேடு_நர்ஸ்: அப்ப லோ சுகராவும் இருக்கலாம், அதையும் சொல்லுங்க. கார்டியாலஜிஸ்ட் பாத்து காரணம் தெரியுறவரை சாவி அத்தைகிட்ட இருக்கட்டும், பைக்கும் சேத்துத்தான்.