புதுப்பிப்பு: டிஸ்டோபியன் திகில் டிரெய்லர் – இரவுக் காட்சிகளை எடுத்த விதம்
யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது: மக்களின் தூக்கத்தையே அரசு கண்காணிக்கும் ஒரு நகரம்தான் கதை. விளக்கு வாடகைக்குப் பணமில்லாத மாணவர் குழு இரவுக் காட்சிகளை எப்படி எடுப்பது, டிரெய்லரை எப்படிப் பரப்புவது?

கைகொடுத்தது "பகலிலேயே எடுங்கள்" என்ற பதில்தான். கேமராவின் வொயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பு) 3200 கெல்வினில் வைத்தால் பகல் வெளிச்சம் இரவு போல நீலமாகிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியை, 2 ஸ்டாப் (நான்கில் ஒரு பங்காக) குறைத்தோம். நடிகருக்குப் பின்னால் சூரியன் இருந்தால் தலைமுடி, தோள் விளிம்பில் விழும் ஒளி அசல் நிலவொளி போலவே இருக்கும். வானம் மட்டும் ஃபிரேமுக்குள் வரவே கூடாது. வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி நிஜ இரவில் எடுத்ததைவிட நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) எவ்வளவோ குறைவு. ஜன்னலில் விளக்கு எரியும் ஷாட்டுக்கு இந்த வழி உதவாது, பகலில் விளக்கு எடுபடாது. அதை அந்தியில் எடுத்தோம்.

விளம்பரத்துக்கு, கதையில் வரும் ஊரடங்கு அறிவிப்பையே போஸ்டராக்கினோம். எதிர்பாராதது: சிலர் அதை நிஜ உத்தரவு என்று நம்பிவிட்டார்கள்! பயமுறுத்துவதில் டிரெய்லரையே மிஞ்சிவிட்டது. இப்போது படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் சேர்த்திருக்கிறோம். மொபைலுக்கான 9:16 (நெட்டுவாக்கு) வெட்டில் வசனங்களை எழுத்திலும் போட்டோம், பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள்.