மாமாவின் பாஸ் கிட்டார் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

ஓ.டி. பரண்:
எல்லோருக்கும் வணக்கம். என் மாமா எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தவர். கல்யாணம், கோயில் திருவிழா என்று விழுப்புரம், சிதம்பரம் வரை போய் விடிய விடிய வாசித்துவிட்டு முதல் பஸ்ஸில் திரும்புவார். அவர் காலமான பிறகு கிட்டார் கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயலில் ஓடுகள் பறந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அம்மா துடைத்து, நிழலில் காயவைத்து, திரும்பப் பெட்டியில் வைத்ததோடு சரி. போன மாதம்தான் இறக்கினேன்.

நெக் (நீளக் கழுத்து) வில் மாதிரி முன்பக்கம் வளைந்திருக்கிறது, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கு அடியில் என் சுண்டுவிரல் நுழைகிறது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு பிக்கப்பில், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் ஊமை. இன்னொன்றில் சத்தம் வருகிறது, ஆனால் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று அடிக்கிறது, ஹம் என்ற ரீங்காரம் வேறு. பிரிட்ஜ் திருகுகள் துருவேறி அசையவில்லை. பின்பக்கத் தகட்டில் மேட் இன் ஜப்பான் என்று மட்டும் இருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து கறுப்பு பெயிண்ட் அடித்து, புது பிக்கப் போட்டு, ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கிவிடலாம் என்று ஆசை. தோட்டத்துச் சாய்ப்பில் மேசை, வைஸ், சாலிடரிங் அயன் எல்லாம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் நாலு கம்பி:
தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள். கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்து, மேல் பிக்கப்பின் ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். பெருவிரல் ஊன்றிய இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரியும், பின்னால் பெல்ட் பக்கிள் உரசிய கோடுகள் இருக்கும். அதெல்லாம் உங்கள் மாமா வாசித்த ராத்திரிகள். பெயிண்ட் அடித்தால் அது திரும்ப வராது.

நெக்கிலிருந்து தொடங்குங்கள். நாலு கம்பியும் சுருதியில் இருக்கும்போது மொத்த இழுப்பு 70 கிலோவுக்கு மேல், அந்த இழுப்போடு அத்தனை வருஷம் பரணில் கிடந்தால் வளையத்தான் செய்யும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு) நட்டைத் தேடுங்கள், தலைப்பக்கம் மூடிக்கு அடியிலோ பாடியோடு சேரும் இடத்திலோ இருக்கும். துரு இருந்தால் துரு தளர்த்தும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் வலப்பக்கமாகக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கம்பியைச் சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே 0.3 மி.மீ. இடைவெளி தெரிந்தால் போதும், விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும் அளவு. நட்டு இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். ராட் முறிந்தால் விரல்பலகையையே பெயர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அசையாத திருகுகளின் தலையில் சாலிடரிங் அயன் முனையை ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள், சூட்டில் துருவின் பிடி விட்டுவிடும். விரல்பலகை ஈட்டி மரமாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் வாங்கித் துணியில் தொட்டுத் தடவி, கால் மணி நேரத்தில் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, சிக்குப் பிடித்து நாறும்.

முத்தியால்பேட்டை ஈயப்பற்று:
அண்ணன் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் ஒயரிங்குக்கு வருகிறேன். கம்பியைத் தொட்டதும் ஹம் கூடுகிறதா குறைகிறதா? கைபட்டவுடன் அடங்கினால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், மிச்ச ஹம்மை உள்பள்ளத்தில் செப்புத் தகடு ஒட்டிக் குறைக்கலாம். தொட்டும் மாற்றமே இல்லையென்றால் அந்த ஒயர் அறுந்திருக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் போவது அதுதான். கரகரப்புக்கு வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முழுசாகத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கே (கிலோ ஓம்) பாட் வாங்குங்கள்.

ஊமையான பிக்கப்பைத் தூக்கிப் போடவேண்டாம். ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். இந்த வகைக்கு சுமார் 7, 8 கே காட்டும், எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. அப்படியிருந்தாலும் பாதி நேரம் அறுந்திருப்பது காயிலின் நடுவில் இருக்காது, கம்பி வெளியே வந்து பற்றவைத்த இடத்தில்தான். நான் ஒரு பிக்கப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பச்சைக் களிம்புக்குள் முடியைவிட மெல்லிசாக ஒரு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் எனாமலை மெதுவாகச் சுரண்டி ஒரு பொட்டு ஈயம் வைத்ததும் மீட்டர் 7.4 காட்டியது, அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. உள்ளேயே அறுந்திருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடையில் 46 கேஜ் (எஸ்.டபிள்யூ.ஜி.) எனாமல் கம்பி கிடைக்குமா என்று கேளுங்கள், அவர்கள் ஃபேனுக்குச் சுற்றும் கம்பி இதற்கு ரொம்பத் தடி.

பண்ருட்டி பலா:
ஃப்ரெட்லெஸ் ஆசை எனக்குப் புரிகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும் சுகம் நம் காதுக்குப் பழகியது. அமெரிக்க பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்ததும் ஃப்ரெட் எடுத்த 1962 ஃபெண்டர் ஜாஸ் பாஸில்தான், பலகைக்குப் படகில் பூசும் எபாக்ஸி போட்டிருந்தார். ஆனால் மாமா கிட்டாரில் செய்யாதீர்கள். நெக் நாலு திருகில்தானே நிற்கிறது? வேறொரு நெக் வாங்கி அதில் ஃப்ரெட் எடுங்கள். அளவு முக்கியம், தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டையிலிருந்து (அதையும் நட் என்பார்கள்) பிரிட்ஜ் வரை 34 அங்குலம்தானா என்று பாருங்கள், பழைய ஜப்பான் பாஸ்களில் 30 அங்குலமும் உண்டு. ஃப்ரெட்டை அயனால் சூடாக்கி ஓரத்திலிருந்து நெம்பி, பள்ளங்களில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி இழைத்துவிடலாம்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. தானேயில் எங்கள் பக்கம் பலா மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. அதில் ஒரு பலகையை வாங்கிப் பல வருஷம் காயவிட்டு, மிருதங்கத்துக்கு மரம் கடையும் ஆசாரி ஒருவரிடம் அறுத்து வாங்கி, என் ஃப்ரெட்லெஸுக்கு பாடி செய்தேன். கனம் கொஞ்சம் கூடுதல். இழைத்த அன்று மஞ்சளாக இருந்தது, இப்போது வெல்லப்பாகு நிறம். மிச்சம் ஒரு துண்டு இருக்கிறது, வந்தால் தருகிறேன்.

ஓ.டி. பரண்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது. ட்ரஸ் ராட் மூன்று கால் சுற்றில் அடங்கியது, இப்போது விசிட்டிங் கார்டு நுழைகிறது. பிக்கப் விஷயம் ஈயப்பற்று சொன்ன அதே இடம், அதே பச்சைக் களிம்பு, மீட்டர் 7.1. பெருவிரல் தேய்வும் நாலு கம்பி அண்ணன் சொன்ன இடத்திலேயே இருந்தது, என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. பெயிண்ட் டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று சாய்ப்பில் வைத்துக் கீழ் ஈ கம்பியை ஒரு தட்டு தட்டினேன், அடுக்களையிலிருந்து அம்மா வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

பண்ருட்டி அண்ணா, பலாத்துண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வரலாமா?